``சட்டையக் கழத்துல!''... தாமிரபரணிக் கரையில தயங்கி நிக்கிற பசங்களும், யாரும் பேசாத மார்பு வீக்கமும்! - ஓர் அலசல்

லீவு நாள்ல குறுக்குத்துறை படித்துறைக்குப் போயிருக்கீங்களா? முருகன் கோயிலை ஒட்டின கல்மண்டபத்துல இருந்து பசங்க ஒவ்வொருத்தனா ஆத்துல குதிச்சிட்டிருப்பாங்க. அந்தக் கூட்டத்துல ஒருத்தன் மட்டும் டி-ஷர்ட்டைக் கழற்றாமலே தண்ணியில இறங்குவான். ஏறி வந்ததும், உடம்போட ஒட்டின துணியை நெஞ்சுக்கிட்ட ரெண்டு விரலால இழுத்து இழுத்து விட்டுக்குவான். ``ஏல, சட்டையக் கழத்துல... வெக்கமால?''னு ஒருத்தன் கேட்பான். மத்தவங்க சிரிப்பாங்க. அவனும் சேர்ந்து சிரிப்பான். அடுத்த வாரம் ஆத்துக்கு வரமாட்டான்.

அந்தப் பையன் உங்க ஃப்ரெண்டா இருக்கலாம், தம்பியா இருக்கலாம். இதைப் படிக்கிற நீங்களாகவேகூட இருக்கலாம்.

குண்டான டீன் ஏஜ் பசங்களுக்கு மார்பு பெருசாகத் தெரியுறது புது விஷயம் இல்லை. ஆனா, இன்னைக்கு இதைப் பத்திப் பேச வேண்டிய அவசியம் கூடியிருக்கு. ஒரு பக்கம், உடல் பருமனோட வளர்ற பசங்களோட எண்ணிக்கை ஏறிக்கிட்டே போகுது. இன்னொரு பக்கம், `ஒரே நாள்ல தீர்வு, ஜீரோ காஸ்ட் இ.எம்.ஐ'னு ரீல்ஸுக்கு நடுவுல விளம்பரம் வருது. இந்த ரெண்டுக்கும் நடுவுல, வீட்டுல சொல்லவும் முடியாம, டாக்டர்கிட்ட போகவும் தெரியாம ஒரு பையன் மாட்டிக்கிட்டு இருக்கான்.

எண்கள் என்ன சொல்லுது?

2025 செப்டம்பர்ல யுனிசெஃப் ஓர் அறிக்கை வெளியிட்டது. 5 முதல் 19 வயசு வரையிலானவங்கள்ல, எடை குறைவா இருக்கிறவங்களைவிட உடல் பருமன் உள்ளவங்க அதிகமாகிட்டாங்கன்னு அது சொன்னது. உலக அளவுல எடை குறைவு 9.2 சதவிகிதம், உடல் பருமன் 9.4 சதவிகிதம். `பசியோட இருக்கிற குழந்தை'ங்கிற பழைய படத்துக்குப் பக்கத்துல இன்னொரு படமும் வந்தாச்சு.

இந்தியாவுல? 2024-ல `லான்செட்' மருத்துவ இதழ்ல வந்த ஆய்வின்படி, 2022-ல 5 முதல் 19 வயசுக்குள்ள உடல் பருமன் உள்ளவங்க சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர். 1990-ல இது 4 லட்சமாத்தான் இருந்தது. இதுல பசங்கதான் அதிகம், சுமார் 73 லட்சம் பேர்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று (2019-21) கணக்குப்படி, இங்க வயசுக்கு வந்த ஆண்கள்ல 37 சதவிகிதம் பேருக்கு எடை அதிகம். முந்தைய சுற்றுல அது 28.2 சதவிகிதம். இது அப்பாக்களோட கணக்கு. ஆனா, அப்பா சாப்பிடுற அதே பரோட்டா சால்னாவைத்தானே பையனும் சாப்பிடுறான்!

இது கொழுப்பா... சுரப்பியா?

இங்கதான் பெரும்பாலானவங்க குழம்புறாங்க. மார்பு பெருசாத் தெரியுறதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம்.

முதலாவது, வெறும் கொழுப்பு. உடம்பு முழுக்கச் சேர்ற கொழுப்பு நெஞ்சுலயும் சேருது. தொட்டா மெத்துன்னு இருக்கும், தனியா கட்டின்னு எதுவும் கையில தட்டுப்படாது. இதுக்கு `சூடோகைனகோமேஸ்டியா'னு பேர். அதாவது, பொய்யான மார்பக வீக்கம்.

ரெண்டாவது, நிஜமான `கைனகோமேஸ்டியா'. காம்புக்கு நேர் கீழே, ரப்பர் மாதிரி கொஞ்சம் கெட்டியா, வட்டமான தட்டு போல ஒண்ணு தட்டுப்படும். அழுத்தினா வலிக்கலாம். சட்டை உரசினாகூட சில பேருக்குக் கூசும். இது கொழுப்பு இல்லை, மார்பகச் சுரப்பித் திசு. ஆம்பளைங்களுக்கும் இந்தத் திசு இருக்கா? ஆமா, பிறக்கும்போதே எல்லாருக்கும் கொஞ்சம் இருக்கும். ஆண்கள்கிட்ட அது வளராம அப்படியே இருந்துடும், அவ்வளவுதான்.

பருவ வயசுல என்ன நடக்குது? விதைப்பைகள் டெஸ்டோஸ்டீரோனைச் சுரக்க ஆரம்பிக்குது. அதே நேரத்துல ஈஸ்ட்ரோஜனும் உடம்புல உருவாகுது. பெண் ஹார்மோன்னு நாம நினைக்கிற ஈஸ்ட்ரோஜன், ஆண் உடம்புலயும் இயல்பா இருக்கிறதுதான். எலும்பு வளர்ச்சிக்கே அது வேணும். இந்த ரெண்டுக்கும் இடையில சமநிலை வர்ற வரைக்கும் கொஞ்ச காலம் தராசு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமா ஆடும். ஈஸ்ட்ரோஜன் பக்கம் சாயும்போது அந்தத் திசு லேசா வளருது. பருவ வயசுப் பசங்கள்ல பாதிப் பேருக்குக்கூட இது ஏதோ ஓர் அளவுல வரலாம். 13, 14 வயசுலதான் அதிகமாத் தெரியும். பெரும்பாலானவங்களுக்கு ஆறு மாசத்துல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள தானா அடங்கிடும்.

அப்போ, குண்டான பசங்களுக்கு மட்டும் ஏன் அதிகமாத் தெரியுது? கொழுப்புத் திசு சும்மா கிடக்கிற மூட்டை இல்லை. அதுல `அரோமடேஸ்'னு ஒரு நொதி இருக்கு. ஆண் ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனா மாத்துறதுதான் அதோட வேலை. கொழுப்பு கூடினா இந்த வேலையும் கூடும். ஆக, எடை அதிகமா இருக்கிற பையனுக்கு மேல கொழுப்பும் சேருது, உள்ள சுரப்பி வளர்றதுக்கான தூண்டுதலும் கூடுது. நிறைய பேருக்கு ரெண்டும் கலந்துதான் இருக்கும்.

இதை வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு முடிவு பண்ண முடியாது. டாக்டர் படுக்க வெச்சு, கட்டைவிரலாலயும் ஆள்காட்டி விரலாலயும் ரெண்டு பக்கத்துல இருந்து காம்பை நோக்கி மெதுவா அழுத்திப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிஞ்சிடும். எடுத்த எடுப்புலயே ஸ்கேன் தேவைப்படாது.

பொண்ணுக்கு ஃப்ளெக்ஸ்... பையனுக்கு மௌனம்!

ஒரு விஷயம் யோசிச்சுப் பாருங்க. நம்ம ஊர்ல பொண்ணு வயசுக்கு வந்தா பந்தல் போடுறோம், தாய்மாமா சீர் கொண்டு வர்றார், ஃப்ளெக்ஸ் வைக்கிறோம். அதுல ஆயிரம் விமர்சனம் இருக்கலாம், இருக்கு. ஆனா, `உன் உடம்பு மாறுது'னு அந்தப் பொண்ணுகிட்ட ஒரு அம்மாவோ, ஆச்சியோ, அத்தையோ பேசுறாங்க. பையனுக்கு? குரல் உடைஞ்சா கிண்டல், மீசை அரும்பினா கிண்டல். நெஞ்சுல கட்டி மாதிரி தட்டுப்பட்டா அவன் யார்கிட்ட போய்ச் சொல்லுவான்?

அவன் கூகுள்கிட்ட சொல்லுவான். கூகுள் முதல்ல புற்றுநோயைக் காட்டும். அந்த ராத்திரி அவன் தூங்கமாட்டான்.

பையனோட பயம் இதோட நிக்கிறதில்லை. `நான் ஆம்பளைதானா?'ங்கிற கேள்வி வரைக்கும் போகுது. ஸ்கூல்ல வைக்கிற பட்டப்பேர், பின்னாடி இருந்து வந்து கிள்ளிட்டு ஓடுறது, பி.டி பீரியட்ல உடை மாத்தும்போது வர்ற கமென்ட்... இதெல்லாம் `பசங்க விளையாட்டு'னு கணக்குல வந்துடுது. ஒருத்தரோட உடம்பை அவர் விருப்பமில்லாம தொடுறதுக்குப் பேர் விளையாட்டு இல்லை. அது பையன் உடம்பா இருந்தாலும் அப்படித்தான்.

இந்த மனவேதனையை அளந்தும் பார்த்திருக்காங்க. அமெரிக்காவுல பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனை மருத்துவர்கள் 2013-ல வெளியிட்ட ஆய்வுல, இந்தப் பிரச்னை உள்ள டீன் ஏஜ் பசங்களுக்குத் தன்மதிப்பு குறைவா இருந்தது தெரியவந்தது. முக்கியமான விஷயம், வீக்கம் சின்னதா இருந்தவங்களும் பெருசா இருந்தவங்களைப் போலவே பாதிக்கப்பட்டிருந்தாங்க. `இதெல்லாம் ஒரு விஷயமால? கண்ணுக்கே தெரியல!'னு நாம ஆறுதலா சொல்ற வார்த்தை அவனுக்கு ஆறுதல் இல்லைன்னு இதுல இருந்து புரியுது.

நம்ம பக்கத்துல இதுக்கு இன்னும் சில முகங்கள் உண்டு. திருச்செந்தூர் கோயிலுக்குள்ள போகணும்னா ஆண்கள் சட்டையைக் கழற்றணும். குடும்பத்தோட போற இடத்துல, துண்டால நெஞ்சை மூடிக்கிட்டு வரிசையில நிக்கிற பையனைக் கவனிச்சா உங்களுக்கே தெரியும். நம்ம ஊர்ப் பசங்க நிறைய பேருக்குக் கனவா இருக்கிற போலீஸ் வேலைக்கு மார்பளவு 81 சென்டிமீட்டர், மூச்சை இழுத்தா இன்னும் 5 சென்டிமீட்டர் விரியணும். டேப் வைக்கும்போது சட்டை இருக்காது. ராணுவம், துணை ராணுவப் படைகளோட மருத்துவத் தேர்வுல கைனகோமேஸ்டியாவையும் தகுதிக் குறையா பார்க்கிறாங்க. அதனால, இது அழகு சம்பந்தப்பட்ட கவலைன்னு மட்டும் ஒதுக்க முடியாது. சில பேருக்கு இது வேலைவாய்ப்புக் கவலையும்கூட.

நம்பக் கூடாத நாலு கதைகள்

கதை 1: `கைப்பழக்கத்தாலதான் இப்படி ஆகுது.' இல்லை. சுய இன்பத்துக்கும் மார்பு வீக்கத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இந்தக் குற்ற உணர்ச்சியை வெச்சு லாட்ஜ்ல ரூம் போட்டு லேகியம் விக்கிறவங்ககிட்ட ஏமாந்துடாதீங்க.

கதை 2: `பிராய்லர் கோழியில ஹார்மோன் ஊசி போடுறாங்க, அதான் காரணம்.' பிராய்லர் கோழி வேகமா வளர்றதுக்குக் காரணம் இனத்தேர்வும் தீவனமும்தான். கோழிப் பண்ணைகள்ல ஆன்டிபயாட்டிக் பயன்பாடு பத்தின கவலை நிஜமானது. ஆனா, அது வேற பிரச்னை. உங்க நெஞ்சுக்குக் கோழியைவிட, அதைப் பொரிச்ச எண்ணெயும் கூடவே குடிச்ச கூல் டிரிங்க்ஸும்தான் அதிகம் பதில் சொல்லணும்.

கதை 3: `தினமும் நூறு புஷ்-அப் எடுத்தா நெஞ்சு கரைஞ்சிடும்.' ஓர் இடத்துக் கொழுப்பை மட்டும் தனியா கரைக்க உடம்புக்குத் தெரியாது. புஷ்-அப் எடுத்தா உள்ள இருக்கிற தசை வலுவாகும், நல்லதுதான். ஆனா, மேல இருக்கிற கொழுப்பு மொத்த எடை குறையும்போதுதான் குறையும். சுரப்பித் திசுவோ எந்த உடற்பயிற்சிக்கும் கரையாது.

கதை 4: `ஜிம்முக்குப் போ, மாஸ்டர் ஒரு ஊசி போடுவார், சரியாகிடும்.' இதுதான் இருக்கிறதுலயே ஆபத்தான கதை. உடம்பை ஏத்துறதுக்காகப் போடுற அனபாலிக் ஸ்டீராய்டு பெரும்பாலும் டெஸ்டோஸ்டீரோன் வகை. அளவுக்கு மீறி உள்ள போனா, மேலே சொன்ன அதே அரோமடேஸ் அதை ஈஸ்ட்ரோஜனா மாத்தும். நெஞ்சைக் குறைக்கப் போன பையன் நெஞ்சை வளர்த்துக்கிட்டு வருவான். விதைப்பைகளோட சொந்தச் சுரப்பும் படுத்துடும். வளர்ற வயசுல எலும்பு வளர்ச்சியும் சீக்கிரமே நின்னு, உயரம் குறையலாம்.

மருந்துகளாலயும் இது வரும். சில மனநல மருந்துகள், சில பி.பி மாத்திரைகள், பூஞ்சைத் தொற்றுக்கான சில மாத்திரைகள் எல்லாம் அந்தப் பட்டியல்ல இருக்கு. சின்ன வயசுல ரிஸ்பெரிடோன் மாத்திரை சாப்பிட்டு மார்பு வளர்ந்துட்டதாக ஓர் இளைஞர் தொடுத்த வழக்குல, 2019 அக்டோபர்ல அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா ஜூரி, ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனம் 800 கோடி டாலர் கட்டணும்னு சொன்னது. பிறகு நீதிபதி அதை 68 லட்சம் டாலரா குறைச்சார். இதைப் படிச்சிட்டு, சாப்பிட்டுக்கிட்டிருக்கிற மாத்திரையை நீங்களா நிறுத்திடக் கூடாது. `டாக்டர், நான் இந்த மாத்திரை சாப்பிடுறேன், அதனால இருக்குமா?'னு கேட்டாலே போதும்.

டாக்டர்கிட்ட போனா என்ன நடக்கும்?

பெரும்பாலான பசங்க பயப்படுறது இதுக்குத்தான். அதனால முன்னாடியே சொல்லிடுறோம். எப்போ ஆரம்பிச்சது, வலி இருக்கா, என்ன மருந்து சாப்பிடுற, ஜிம் பவுடர் ஏதாவது எடுக்குறியான்னு கேட்பாங்க. கூச்சப்படாம உண்மையைச் சொல்லுங்க. உயரம், எடை பார்த்து, இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015-ல வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையில உங்க இடம் எங்கேன்னு குறிப்பாங்க. பெரியவங்களுக்கான பி.எம்.ஐ கணக்கை அப்படியே 13 வயசுப் பையனுக்குப் போட முடியாது.

மார்பைப் பரிசோதிப்பாங்க. விதைப்பைகளையும் பரிசோதிப்பாங்க. `நெஞ்சுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?'னு பதறாதீங்க. ஹார்மோன் சுரக்கிற இடம் அதுதான். அபூர்வமா அங்க இருக்கிற கட்டியாலயும் மார்பு வீங்கலாம். கூட அப்பாவோ, அண்ணனோ நிக்கணும்னா தாராளமா கேட்கலாம். அது உங்க உரிமை.

பருவ வயசுல வர்ற சாதாரண வீக்கம்னா ரத்தப் பரிசோதனைகூட நிறைய பேருக்குத் தேவைப்படாது. ஆனா, இந்த அறிகுறிகள் இருந்தா தள்ளிப்போடாம போகணும்:

* பருவ மாற்றங்கள் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே, சின்னப் பையனுக்கு மார்பு வளர்றது.

* காம்புக்கு நேர் கீழே இல்லாம, ஒரு பக்கமா தள்ளி கல்லு மாதிரி கட்டி.

* காம்புல இருந்து நீரோ, ரத்தமோ கசியுறது, மேல்தோல் உள்ளிழுத்துக்கிறது.

* விதைப்பையில கட்டி, வீக்கம், அல்லது வயசுக்கு ஏத்த மாதிரி வளராம ரொம்பச் சின்னதா இருக்கிறது.

* வேகமா பெருசாகிறது, அல்லது ரெண்டு வருஷம் தாண்டியும் அடங்காதது.

இந்த மாதிரி நேரத்துல தைராய்டு, கல்லீரல், சிறுநீரகம், ஹார்மோன் அளவுகள் எல்லாம் பார்ப்பாங்க. சுமார் 500-ல இருந்து 1,000 ஆண்கள்ல ஒருத்தருக்குக் கூடுதலா ஓர் எக்ஸ் குரோமோசோம் இருக்கும். `க்ளைன்ஃபெல்டர்'னு பேர். அது நிறைய பேருக்கு இப்படி ஒரு பரிசோதனையிலதான் முதல் தடவையா தெரியவரும். ஒரு விஷயத்தைத் தைரியமா நம்பலாம். டீன் ஏஜ் பையனுக்கு மார்பகப் புற்றுநோய்ங்கிறது அபூர்வத்துலயும் அபூர்வம்.

சிகிச்சை: படிப்படியா...

முதல் படி, காத்திருக்கிறது. `ஒண்ணும் பண்ணாதீங்க'ங்கிறதும் சிகிச்சைதான். ஆனா, `போய்ட்டு வா, சரியாகிடும்'னு அனுப்புறதுக்கும், `ஆறு மாசம் கழிச்சு வா, மறுபடி அளந்து பார்ப்போம்'னு தேதி குடுத்து அனுப்புறதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு. ரெண்டாவதைக் கேட்டு வாங்குங்க.

ரெண்டாவது படி, எடை. இங்க ஒரு நல்ல செய்தி. உயரம் வளர்ந்துக்கிட்டிருக்கிற பையன் பட்டினி கிடந்து எடையைக் குறைக்கணும்னு அவசியம் இல்லை. நிறைய பேருக்கு எடை மேல ஏறாம நின்னாலே போதும், உயரம் கூடக் கூட உடம்பு தானா சரியாகும். ரொம்ப அதிக எடை உள்ளவங்களுக்கு மட்டும் டாக்டரும் டயட்டீஷியனும் சேர்ந்து மெதுவா குறைக்கச் சொல்வாங்க. இதனால கொழுப்பு குறையும். சுரப்பி எல்லாருக்கும் மறையும்னு சொல்ல முடியாது. ஆனா, அதைத் தூண்டுற காரணம் குறையும்.

எங்க ஆரம்பிக்கலாம்? டம்ளர்ல இருந்து. பாட்டில் பானங்கள்ல 100 மில்லிக்கு சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கு. 250 மில்லி பாட்டில் ஒண்ணைக் குடிச்சா 25 கிராம். ஒரு நாளைக்கு இந்த அளவோட நிறுத்திக்கிறது நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு மொத்தமும் ஒரே மூச்சுல முடிஞ்சது! அடுத்து, சாயங்காலம் ட்யூஷனுக்கு முன்னாடி சாப்பிடுற பஃப்ஸ், ராத்திரி பரோட்டா. அல்வாவை விட்டுடுங்கன்னு சொல்லமாட்டோம், திருநெல்வேலியில அப்படிச் சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்! விசேஷத்துக்குன்னு வெச்சுக்கோங்க. வீட்டு இட்லி, சாம்பார், அவியல், மீன் குழம்பு, சுண்டல்னு நம்ம சமையல்லயே தேவையானது எல்லாம் இருக்கு. பையனுக்கு மட்டும் தனித்தட்டு வெச்சா அது தண்டனையா தெரியும். மொத்த வீட்டுக்கும் ஒரே சமையல் மாறணும்.

மூணாவது, மாத்திரை. மார்பகப் புற்றுநோய்க்குத் தர்ற டமாக்சிஃபென் மாத்திரையை, வலியோட புதுசா வளர்ற வீக்கத்துக்குச் சில டாக்டர்கள் குறிப்பிட்ட காலத்துக்குத் தர்றாங்க. இது எல்லாருக்குமானது இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல ஆகி, திசு நாராக இறுகிட்டா மாத்திரை பெருசா வேலை செய்யாது. யூடியூப்ல பார்த்து மெடிக்கல்ல வாங்கிப் போடுற மாத்திரை இது கிடையவே கிடையாது. 2025-ல இந்தியச் சந்தைக்கு வந்த எடைக்குறைப்பு ஊசிகளுக்கும் இதே எச்சரிக்கைதான்.

நாலாவது, அறுவை சிகிச்சை. காம்பைச் சுத்தியுள்ள கருவட்டத்தின் ஓரத்துல சின்னதா கீறி சுரப்பியை எடுக்கிறாங்க. சுத்தியிருக்கிற கொழுப்பை லைப்போசக்‌ஷன்ல உறிஞ்சுறாங்க. அப்புறம் சில வாரங்களுக்கு இறுக்கமான உள்சட்டை போடணும். சரியான ஆளுக்கு, சரியான நேரத்துல, சரியான கையால நடந்தா நல்ல பலன் தர்ற சிகிச்சை இது. வீக்கம் ரெண்டு வருஷம் தாண்டியிருக்கணும், பருவ வளர்ச்சி முடிஞ்சிருக்கணும், எடை ஒரு நிலைக்கு வந்திருக்கணும். அதனாலதான் பெரும்பாலும் 18 வயசை ஒட்டித்தான் செய்யச் சொல்றாங்க. 14 வயசுல அவசரப்பட்டுச் செஞ்சா, மறுபடி வளர வாய்ப்பு இருக்கு. ரத்தக்கட்டு, காம்புல உணர்ச்சி குறையுறது, அதிகமா எடுத்துட்டா குழி விழுறதுன்னு பக்கவிளைவுகளும் உண்டு.

`ஒரே நாள்ல வீட்டுக்குப் போகலாம்!' - விளம்பரம் சொல்லாதது

2024 ஏப்ரல்ல புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயசு இளைஞர், சென்னையில ஒரு தனியார் மருத்துவமனையில உடல் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்காகச் சேர்ந்தார். அந்தச் சிகிச்சையைத் தொடர்ந்து உயிரிழந்தார். அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது, மருத்துவமனையின் உரிமமும் தற்காலிகமா நிறுத்தப்பட்டது. அது மார்பு அறுவை சிகிச்சை இல்லைதான். ஆனா, அதிக எடை உள்ள ஓர் உடம்புக்கு மயக்க மருந்து கொடுக்கிறதுங்கிறது, மதியம் போய்ட்டு சாயங்காலம் திரும்புற வேலை மாதிரி எடுத்துக்கிற விஷயம் இல்லைன்னு அந்த மரணம் ஞாபகப்படுத்துது.

அதனால, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க. அறுவை சிகிச்சை செய்றவர் பிளாஸ்டிக் சர்ஜரியில பட்டம் பெற்றவரா? (தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில்ல பதிவு இருக்கான்னு பார்க்கலாம்.) மயக்க மருந்து நிபுணர் முழு நேரமும் கூட இருப்பாரா? அவசரம்னா ஐ.சி.யூ வசதி அதே கட்டடத்துல இருக்கா? மருத்துவமனை, தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு பெற்றதா? இதுக்குப் பதில் சொல்லாம டிஸ்கவுன்ட் பத்தி மட்டும் பேசுற இடத்துல இருந்து எழுந்து வந்துடுங்க. `அழகு சிகிச்சை'னு கணக்கு வெச்சா மருத்துவக் காப்பீடும் பொதுவா கைகொடுக்காது. கடன் வாங்கிச் செய்றதுக்கு முன்னாடி இதையும் விசாரிங்க.

நெல்லையில என்ன இருக்கு... என்ன இல்லை?

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட்ல திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. 1965-ல ஆரம்பிச்ச கல்லூரி, 2019 ஜனவரியில சூப்பர் ஸ்பெஷாலிட்டி கட்டடமும் திறந்தாங்க. பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்க, 18 வயசு வரைக்குமான ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய கார்யக்ரம் திட்டம் 2013-ல இருந்து இருக்கு. 10 முதல் 19 வயசுக்காரங்களுக்குன்னே 2014-ல வளரிளம் பருவ நலத்திட்டம் வந்தது, அதுல பசங்களும் சேர்த்திதான்.

அப்போ எங்க ஓட்டை? பையனுக்கு வயசு 14. அரசு மருத்துவமனைகள்ல குழந்தைகள் பிரிவு பொதுவா 12 வயசோட முடிஞ்சுடுது. பொது மருத்துவத்துக்குப் போனா, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வந்த பெரியவங்க வரிசையில அவன் நிக்கணும். சர்ஜரிக்குப் போனா `ஆபரேஷன் வேணுமா, வேண்டாமா?'ங்கிறதுதான் கேள்வி. நடுவுல, எடை, ஹார்மோன், மனசு மூணையும் ஒரே மேஜையில வெச்சுப் பேசுற ஓர் இடம் அவனுக்குத் தேவைப்படுது. வாரத்துக்கு ஒரு நாள், ஒரு சாயங்காலம், பசங்களுக்குன்னு தனி ஓ.பி. இது பெரிய செலவு இல்லை. பாளையங்கோட்டை மாதிரி திரும்பின பக்கமெல்லாம் பள்ளிக்கூடம் இருக்கிற ஊர்ல, பி.டி மாஸ்டர் ஒருத்தருக்கு இதைப் பத்திச் சொல்லிக்கொடுத்தாலே பாதி வேலை முடிஞ்சிடும்.

பள்ளி வாசலுக்கும் வருவோம். பள்ளிக்கூடத்துக்குள்ளயும், வாசல்ல இருந்து 50 மீட்டர் சுற்றளவுக்குள்ளயும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுகளை விக்கக் கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிமுறை சொல்லுது. உங்க ஸ்கூல் வாசல்ல 50 மீட்டர் நடந்து பாருங்க. விதி எங்க இருக்குன்னு தெரியும். பானங்கள்ல எவ்வளவு சர்க்கரைன்னு காட்டுற `சுகர் போர்டு' வைக்கணும்னு 2025 மே மாசம் சி.பி.எஸ்.இ தன் பள்ளிகளுக்குச் சொன்னது. நம்ம பசங்கள்ல பெரும்பாலானவங்க படிக்கிறது மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள்ல. அங்கேயும் ஒரு போர்டு மாட்டினா குறைஞ்சா போயிடும்?

ஆத்தையும் மறந்துட முடியாது. 5 முதல் 17 வயசு வரைக்கும் தினமும் 60 நிமிஷம் உடம்பு அசையணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நம்ம தாத்தாக்களுக்கு அந்த 60 நிமிஷத்தைத் தாமிரபரணி சும்மாவே குடுத்துச்சு. இன்னைக்கு மாநகரக் கழிவுநீர் ஆத்துல கலக்குற விவகாரம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரைக்கும் போய், 2024 நவம்பர்ல நீதிபதிகள் ரெண்டு பேர் நேர்லயே வந்து பார்த்துட்டுப் போனாங்க. `ஆத்துல குளிக்காதல, சொறி வரும்'னு வீட்டுல தடுத்தா அந்தப் பையன் எங்க போவான்? மொபைலோட கட்டிலுக்குத்தான். ஒரு படித்துறை சுத்தமா இருக்கிறதும்கூட பசங்களோட உடல் நலத் திட்டம்தான்.

நீங்க என்ன பண்ணலாம்?

நீங்கதான் அந்தப் பையன்னா: உங்க உடம்புல எதுவும் கெட்டுப்போகலை. நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட சொல்லுங்க. நேர்ல சொல்லக் கூச்சமா இருந்தா இந்தக் கட்டுரையை அம்மாவுக்கோ, சித்தப்பாவுக்கோ வாட்ஸ்அப்ல அனுப்புங்க, அவங்களுக்குப் புரிஞ்சிடும். உடம்பு பத்தின சந்தேகத்துக்கு 104, மனசு தாங்கலைன்னா டெலி மானஸ் 14416, யாராவது தொடர்ந்து சீண்டினா சைல்டு லைன் 1098. மூணுமே இலவசம்.

அம்மா, அப்பா, அண்ணன், அக்கான்னா: `வாயைக் கட்டுனா எல்லாம் சரியாகிடும்'ங்கிற வாக்கியத்தை மட்டும் சொல்லாதீங்க. அவன் அதைத் தனக்குத்தானே ஏற்கெனவே ஆயிரம் தடவை சொல்லியிருப்பான். `வா, நாளைக்கு டாக்டரைப் பார்த்துட்டு வருவோம்'னு சொல்லுங்க.

ஃப்ரெண்டுன்னா, உங்க வேலைதான் இருக்கிறதுலயே சுலபம். அடுத்த தடவை ஆத்தங்கரையில ஒருத்தன் டி-ஷர்ட்டோட நிக்கும்போது, `கழத்துல'னு சொல்ல வாய் வரும். அதை முழுங்கிட்டு, ``வால, குதிப்போம்''னு மட்டும் சொல்லுங்க. சட்டையோட குதிச்சாலும் ஆத்துக்கு ஒண்ணும் ஆகிடாது. அடுத்த வாரமும் அவன் வரணும், அதுதான் முக்கியம்.